உடும்பைத் தின்று உடும்பைப் பெருக்குகிறவர்கள்

முதலில் புல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மேற்கு ஆஸ்திரேலியப் பாலைவனத்தின் கதை எதுவானாலும் அந்தப் புல்லில்தான் தொடங்க வேண்டும்.

ஸ்பினிஃபெக்ஸ் என்று பெயர். தூரத்தில் நின்று பார்த்தால், செம்மண்மேல் யாரோ வெளிர்பச்சைத் தலையணைகளை வரிசையில்லாமல் போட்டுவைத்ததுபோல இருக்கும். கிட்டே போனால்தான் ஒவ்வொரு இலையும் சுருண்டு ஊசியாக நிற்பது தெரியும். கால்சட்டைத் துணியைத் தாண்டிக் குத்தும். முனை ஒடிந்து தோலுக்குள்ளேயே தங்கிவிடும். இலையில் பிசின் அதிகம். அதனால் பச்சையாக இருக்கும்போதே நெருப்புப் பட்டால் குபீரென்று பிடித்துக்கொள்ளும்.

இந்தப் புல் நிற்கிற இடத்தைப் பார்த்தால் பாலைவனம் என்று நமக்குச் சட்டென்று தோன்றாது. ராஜஸ்தான் படங்களில் வரும் மொட்டை மணல் அல்ல. செம்மணல் மேடுகள், நடுவே புல்வெளி, ஆங்காங்கே குட்டை மரங்கள், உப்பு ஏரிகள், பாறைக் குன்றுகள். ஆண்டு மழை சராசரியாக 300 மில்லிமீட்டரை ஒட்டி வரும். ஆனால் சராசரியை நம்பி அங்கே பிழைக்க முடியாது. ஒரு வருடம் துளி விழாது. அடுத்த வருடம் கடற்கரைப் பக்கமிருந்து ஒரு புயல் உள்ளே நுழைந்து சில நாட்களில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் போகும்.

இந்த நிலத்தின் மக்கள் மார்டு. கிரேட் சாண்டி, லிட்டில் சாண்டி, கிப்சன் என்று வெள்ளைக்காரர்கள் பெயர் வைத்த மூன்று பாலைவனங்களை ஒட்டி அவர்கள் நாடு இருக்கிறது. மார்டு என்றால் அவர்கள் மொழியில் ‘ஆள்’, ‘மனிதர்’ என்று பொருள். 2002-ஆம் ஆண்டு நீதிமன்றம் அவர்களுடைய பூர்வீக உரிமையை ஒப்புக்கொண்டது. பரப்பு சுமார் 1,36,000 சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டைவிடக் கொஞ்சம் பெரியது. அவ்வளவு பெரிய இடத்துக்குள் பண்ங்குர், புன்மு, குனவரிஜி என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சிற்றூர்கள்தான். அவற்றில் வசிப்பவர்கள் சில நூறு பேர்.

மொழி என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ஆங்கிலத்தில் அவர்கள் சொற்களை எழுதும்போது ரோமன் எழுத்துகள் படாதபாடு படும். நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. ட, ண, ள, ஞ, ங எல்லாம் அவர்களிடமும் உண்டு. ‘ழ’வுக்குப் பக்கத்தில் வருகிற ஒலிகூட இருக்கிறது. இந்த ஒற்றுமையைப் பார்த்து நமக்கும் அவர்களுக்கும் மொழி உறவு இருக்கலாம் என்று 19-ஆம் நூற்றாண்டில் சிலர் கிளம்பினார்கள். அது நிறுவப்படவில்லை. ஒலி பொருந்துகிறது, அவ்வளவுதான். கீழே வரும் மார்டுச் சொற்களைத் தமிழில் எழுதுவதில் எனக்குக் கொஞ்சம் சுகம் இருக்கிறது என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

பாலைவனத்துப் பூர்வகுடிகளுக்கும் காட்டு விலங்குகளுக்கும் உள்ள உறவு என்று சொன்னால் நம் மனதில் ஒரு படம் வந்துவிடும். தார் பாலைவனத்து பிஷ்னோய் மக்களைப் பற்றி எல்லோரும் கேள்விப்பட்டிருப்போம். வெளிமானைக் கொல்ல விடமாட்டார்கள், தாயை இழந்த குட்டியை வீட்டில் வைத்து வளர்ப்பார்கள். தொடாமல், தொட விடாமல் காப்பது அவர்கள் வழி. மார்டுகளின் வழி நேரெதிர். விலங்கை வேட்டையாடுவார்கள், தின்பார்கள், அதற்காகப் புல்வெளிக்குத் தீ வைப்பார்கள். அப்படிச் செய்கிற இடங்களில்தான் அந்த விலங்கு அதிகமாக இருக்கிறது. கேட்டவுடன் நம்ப முடியாது. எப்படி என்று புரியவைப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

பெண்களின் வேட்டை

எடுத்துக்காட்டுக்கு மணல் உடும்பை எடுத்துக்கொள்வோம். மார்டு மொழியில் பணஜள்பா. நம்மூர் உடும்பும் இதுவும் ஒரே பேரினம், வரானஸ். நம்மூர் உடும்பு 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கை வைத்தால் சிறைதான். அங்கே மணல் உடும்பு அன்றாடச் சாப்பாடு. அதைப் பிடிப்பது பெரும்பாலும் பெண்களின் வேலை.

குளிர்காலத்துக் காலை நேரம். ராத்திரி பூஜ்ஜியத்தை ஒட்டிப் போன குளிர் மெல்ல விட்டுக்கொண்டிருக்கிறது. ஊரிலிருந்து ஒரு டொயோட்டா வண்டியில் நாலைந்து பெண்கள், பின்னால் பிள்ளைகள், நாய்கள். ஓரிடத்தில் மரநிழல் பார்த்து வண்டியை நிறுத்துகிறார்கள். மதியம் திரும்பிவந்து சேர வேண்டிய இடம் அதுதான். அப்புறம் ஆளுக்கொரு திசையில் பிரிந்து போகிறார்கள். கையில் ‘வனா’. வனா என்பது தோண்டுகோல். முன்பு கெட்டி மரத்தில் செதுக்கி முனையை நெருப்பில் வாட்டியது. இப்போது கடப்பாரை போன்ற இரும்புக் கம்பி.

குளிர்காலத்தில் உடும்பு வெளியே வராது. வளைக்குள் அசையாமல் படுத்திருக்கும். மேலே கிழட்டு ஸ்பினிஃபெக்ஸ் இடுப்பு உயரத்துக்கு அடைத்துக்கொண்டிருந்தால் வளையின் வாய் எங்கே இருக்கிறது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அதனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, புல்லின் ஓரத்தில் ஒருத்தி தீ வைக்கிறாள். முன்பு கொள்ளிக்கட்டை, இப்போது லைட்டர். காற்றுப் போகிற திசையில் தீ ஓடுகிறது. பருந்துகள் எங்கிருந்தோ வந்து புகைக்கு மேலே சுற்றத் தொடங்குகின்றன, வெந்து ஓடிவருகிற பல்லியும் வெட்டுக்கிளியும் அவற்றுக்கு வேண்டும். தீ எவ்வளவு தூரம் போகும் என்பது அவளுக்குத் தெரியும். அந்தப் பக்கம் போன வருடம் எரித்த இடம் இருக்கிறது. அங்கே போனதும் எரிய ஒன்றும் இல்லாமல் தானாக அணைந்துவிடும்.

தீ தாண்டிப் போனதும், சூடு ஆறாத சாம்பல்மேல் அவள் நடக்கத் தொடங்குகிறாள். நடை மெதுவாக, கண் தரையில். கறுத்த தரையில் எங்கேயாவது புதிதாகத் தள்ளிய செம்மண் குவியல் தெரிந்தால் அங்கே நிற்பாள். வளை பழையதா, ஆள் உள்ளே இருக்கிறதா என்று பார்ப்பாள். இருக்கிறது என்றால் வாயிலிருந்து தோண்டிக்கொண்டு போகமாட்டாள், அது வீண்வேலை. வளையைச் சுற்றி வனாவால் தரையைக் குத்திக் குத்திப் பார்ப்பாள். கெட்டி மண்ணில் ஒரு மாதிரி இறங்கும், கீழே பொந்து இருந்தால் சட்டென்று உள்ளே போகும். உடும்பு படுத்திருக்கும் அறை அங்கே. நேராக அதன்மேல் தோண்டி, வாலைப் பிடித்து இழுத்து, தலையில் ஒரு போடு.

உடும்புப்பிடி என்று நாம் சொல்கிறோமே, அந்தப் பிடியெல்லாம் குளிரில் உறைந்து கிடக்கும் உடும்புக்கு இருக்காது. கோடையில் கதை வேறு. உடும்பு வெளியே சுற்றும். அப்போது தீ தேவையில்லை. மணலில் காலடிகளுக்கு நடுவே வால் இழுத்த கோடு இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் நடக்க வேண்டியதுதான்.

மதியம் எல்லோரும் மரத்தடிக்கு வந்ததும் சமையல். உடும்பை முதலில் தீயில் வாட்டி மேல்தோலைச் சுரண்டுவார்கள், பிறகு சுடுமணலிலும் தணலிலும் புதைத்து வேகவைப்பார்கள். பங்கு போடுவதில்தான் சுவாரசியம். ஐந்து பிடித்தவள், ஒன்றும் பிடிக்காதவள் என்ற கணக்குச் சாப்பிடும்போது இருக்காது. நிறையப் பிடித்தவள் நிறையக் கொடுத்துவிடுவாள், அவள் வயிற்றுக்குப் போவது மற்றவர்களுக்குக் கிடைப்பதைவிடப் பெரிதாக இருக்காது. ஆண்கள் கொண்டுவரும் கங்காருவில் இது இன்னும் கறார். அடித்தவன் அதை மூத்தவர்களிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கி உட்கார்ந்துகொள்வான், வெட்டுவதும் பங்கிடுவதும் அவர்கள் வேலை. ஆனால் கங்காரு எல்லா நாளும் கிடைக்காது. வெறுங்கையோடு திரும்பும் நாட்கள்தான் அதிகம். அடுப்பை நம்பகமாக எரியவைப்பது உடும்பும் பெண்களும்தான்.

எரிந்த நிலத்துக்கு ஐந்து வயது

இப்போது அந்தக் கறுத்த இடத்தை அப்படியே விட்டுவிட்டு அடுத்த சில வருடங்கள் பார்ப்போம். மார்டுகள் எரிந்த நிலத்தை அதன் வயதை வைத்து ஐந்து கட்டங்களாகப் பிரித்துப் பேசுகிறார்கள். நெல்லுக்கு நாற்று, தூர்கட்டுதல், கதிர் என்று நாம் பேசுவதைப்போல.

எரிந்து கறுத்துக் கிடப்பது ‘ஞுண்மா’. வளைகளைத் தேட ஏற்ற தரை. மழை பெய்து முதல் பச்சை எட்டிப்பார்த்தால் ‘வரு-வரு’. வரு என்றால் தீ. தீயிலிருந்து வந்த தளிர் என்று வைத்துக்கொள்ளலாமா என்று எனக்கு ஓர் ஆசை, ஆனால் சொல்லின் வேர் ஆராய்ச்சிக்குள் நான் போகவில்லை. கங்காருவும் கானமயிலின் ஆஸ்திரேலியச் சொந்தக்காரப் பறவையும் இந்தத் தளிரைத் தேடி வரும். ஓரிரு வருடத்தில் ‘ஞுகுரா’. மனிதனுக்கு இதுதான் பொன்னான கட்டம். ஸ்பினிஃபெக்ஸ் திரும்ப ஆள்வதற்குள் மற்றச் செடிகளெல்லாம் அவசர அவசரமாக வளர்ந்து காய்த்துவிடும். காட்டுத் தக்காளி என்று சொல்லப்படும் ஒரு செடி இருக்கிறது. நம்மூர்ச் சுண்டை, கத்தரி குடும்பம்தான். அதன் காயைப் பிளந்து கசக்கும் விதையைச் சுரண்டி எறிந்துவிட்டுச் சாப்பிடுவார்கள். அரைத்து அடையாகச் சுடும் புல்லரிசியும் இந்தக் கட்டத்தில்தான். நான்காவது கட்டத்தில் ஸ்பினிஃபெக்ஸ் மற்றவற்றை நெருக்கத் தொடங்கும். கடைசியில் ‘குனர்கா’. கிழட்டுப் புல், நடுவில் செத்து வளையமாக விரிந்தது. தின்ன ஒன்றும் இல்லை. ஆனால் ஒளிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது. அடுத்த தீயும் இதில்தான்.

ஒரே இடத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வருகிற இந்த ஐந்தும், வேட்டைக்காரர்கள் புழங்குகிற நிலத்தில் ஒரே சமயத்தில் பக்கம் பக்கமாக இருக்கும். இங்கே ஒரு துண்டு கறுப்பு, அதையொட்டி ஒரு துண்டு தளிர், அதற்கப்பால் காய்த்துக் குலுங்குவது, மேட்டுக்குப் பின்னால் கிழட்டுப் புல். விமானத்திலிருந்து பார்த்தால் ஒட்டுப்போட்ட போர்வை. சூழலியலாளர்கள் இதை மொசைக் என்கிறார்கள். ஒட்டுப்போர்வை என்றே நான் சொல்லிக்கொள்கிறேன், கையால் தைத்தது என்ற எண்ணம் அதில் வருகிறது.

உடும்புக்கு இந்தப் போர்வையால் என்ன லாபம்? அதற்கு இரை தேடத் திறந்த வெளி வேண்டும், கழுகுக்கும் டிங்கோ நாய்க்கும் தப்பி ஒளிய அடர்ந்த புல் வேண்டும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் பிழைப்பு. நூறு ஏக்கர் தளிரும், ஐந்து மைலுக்கு அப்பால் நூறு ஏக்கர் புதரும் இருந்து பயனில்லை. அதாவது அதற்கு வேண்டியது விளிம்பு. போர்வையில் எத்தனை துண்டுகளோ அத்தனை விளிம்புகள்.

ரெபெக்கா பிளீஜ் பெர்ட், டக்ளஸ் பெர்ட் என்ற இரு மானுடவியலாளர்களும் அவர்களோடு வேலை செய்தவர்களும் 2000-க்குப் பிறகு பண்ங்குர் பக்கம் பல வருடங்கள் தங்கி இதை அளந்தார்கள். வேட்டைக்காரர்களோடு கூடவே நடந்து, எவ்வளவு நேரம், எத்தனை உடும்பு, எங்கே தீ என்று ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டார்கள். செயற்கைக்கோள் படங்களோடு ஒப்பிட்டார்கள். 2013-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு இது: வேட்டை அதிகமாக நடக்கும் நிலத்தில் துண்டுகள் சிறியவை, விளிம்புகள் அதிகம், உடும்பு வளைகளும் அதிகம். வேட்டை குறைவான நிலத்தில் வளைகளும் குறைவு. பிடித்துத் தின்பதால் வரும் நஷ்டத்தைவிடத் தீயால் வரும் லாபம் பெரியது.

குன்றுக் கங்காருவுக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான், ஒரு திருத்தத்தோடு. வேட்டையே இல்லாத இடத்தைவிட மிதமான வேட்டையும் தீயும் உள்ள இடத்தில் அவை அதிகம். வேட்டை மிகவும் நெருக்கமாகப் போனால் குறையத் தொடங்கிவிடும். ஆக, எவ்வளவு கொன்றாலும் பெருகும் என்று யாரும் சொல்லவில்லை.

இங்கே எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. தீ வைக்கும் அந்தப் பெண் உடும்பினத்தைக் காப்பாற்றப் புறப்படவில்லை. அவளுக்கு மதியச் சாப்பாட்டுக்கு உடும்பு வேண்டும், வளை கண்ணுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். இயற்கையின் காவலர்கள் என்று பட்டம் சூட்டி அவர்களைப் பீடத்தில் ஏற்றுகிற எழுத்துகளைப் படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. பசித்த மனிதர்கள் பல தலைமுறைகளாக ஒரே நிலத்தில் தின்று திரிந்ததில் அந்த நிலமே அவர்களுக்குத் தோதாக மாறியிருக்கிறது. கூடவே உடும்புக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இதைப் படித்துவிட்டு நம்மூர்க் காட்டில் தீ வைத்தால் நல்லது என்று யாரும் கிளம்ப வேண்டாம். ஸ்பினிஃபெக்ஸ் எரிந்து எரிந்து வாழப் பழகிய புல். நம் சோலைக்காடு அப்படியல்ல. அந்தத் தீக்குக் காலம் உண்டு, காற்று உண்டு, பக்கத்துத் துண்டின் வயது உண்டு. அது தெரியாமல் வைக்கிற தீ வெறும் காட்டுத்தீ.

அவர்கள் சொல்லும் காரணம்

மார்டுகளைக் கேட்டால் விளிம்பு, போர்வை என்றெல்லாம் பேசமாட்டார்கள். அவர்கள் சொல்வது ஜுகுர்பா. ஆங்கிலத்தில் இதற்குக் ‘கனவு’ என்று வைத்த பெயர் நிறையக் குழப்பத்தை உண்டாக்கியிருக்கிறது. தூக்கத்தில் வருகிற கனவல்ல. நிலத்தை உருவாக்கிய மூதாதையரின் காலமும், அவர்கள் விட்டுச்சென்ற சட்டமும் சேர்ந்தது ஜுகுர்பா. அந்த மூதாதையர்கள் மனிதராகவும் விலங்காகவும் ஒரே நேரத்தில் இருந்தவர்கள். நடந்தார்கள், வேட்டையாடினார்கள், தீ வைத்தார்கள், சண்டை போட்டார்கள். அவர்கள் உட்கார்ந்த இடம் குன்றானது, தோண்டிய இடம் சுனையானது. அவர்கள் செய்ததையே தொடர்ந்து செய்வதுதான் சட்டம்.

இந்தக் கணக்கில் விலங்கும் மனிதனும் அவ்வளவு தூரத்தில் இல்லை. ஒரு குழந்தை உருவாவதற்கு முன் அதன் ஆவி ஒரு விலங்காகவோ செடியாகவோ தன்னைக் காட்டும் என்பது அவர்கள் நம்பிக்கை. அப்பா ஈட்டியால் குத்திக் கொண்டுவந்த ஏதோ ஒரு விலங்காக அது இருக்கலாம். பிறந்த குழந்தையின் உடம்பில் மச்சமோ தழும்போ இருந்தால், ஈட்டி பாய்ந்த இடம் இது என்று காட்டுவார்கள். ஒவ்வோர் உயிருக்கும் அதற்குரிய இடமும் உண்டு. அங்கே உரியவர்கள் போய்ச் சடங்கு செய்தால்தான் அந்த உயிர் பெருகும். ஆக, போகாமல் இருப்பது குற்றம். வேட்டைக்குப் போவது, தீ வைப்பது, பங்கிடுவது எல்லாம் நிலத்தோடு பேசிக்கொண்டிருப்பது மாதிரி. பேச்சு நின்றால் நிலம் நோயில் விழும், விலங்குகள் போய்விடும்.

இதை நம்பிக்கை என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் பேச்சு நின்றபோது என்ன ஆனது என்பதற்குப் பதிவு இருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியிலிருந்தே மார்டுகள் ஒவ்வொரு குடும்பமாகப் பாலைவனத்தை விட்டு வெளியே வரத் தொடங்கினார்கள். வறட்சி ஒரு காரணம். பாலைவனத்தின் விளிம்பில் இருந்த ஜிகலாங் போன்ற குடியிருப்புகளில் கிடைத்த மாவும் சர்க்கரையும் ஒரு காரணம். முன்னே போன சொந்தக்காரர்களைத் தேடிப் போனது இன்னொன்று. கடைசியில் ராக்கெட். 1964-இல் தெற்கே வூமெரா ஏவுதளத்திலிருந்து புளூ ஸ்ட்ரீக் ஏவுகணையைச் சோதித்தபோது, அது விழக்கூடிய பாதையில் இவர்களுடைய நிலம் இருந்தது. யாராவது இருக்கிறார்களா என்று பார்க்க அதிகாரிகள் வண்டிகளோடு வந்தார்கள். பெர்சிவல் ஏரிகள் பக்கம் இருபது பேர் கொண்ட ஒரு கூட்டம் இருந்தது. பெண்களும் குழந்தைகளும்தான். லாரி என்ற ஒன்றை அதற்கு முன் அவர்கள் பார்த்ததில்லை. ஓடி ஒளிந்தார்கள். கடைசியில் அவர்களும் ஜிகலாங் போய்ச் சேர்ந்தார்கள்.

ஆள் போனதும் நிலத்தில் என்ன நடந்தது? 1953-இல் விமானத்திலிருந்து எடுத்த படங்கள் இருக்கின்றன. அப்போது மக்கள் இன்னும் உள்ளே இருந்தார்கள். படத்தில் சின்னச் சின்னத் துண்டுகள் நூற்றுக்கணக்கில். பின்னாளில் செயற்கைக்கோள் அதே நிலத்தைப் படமெடுத்தபோது துண்டுகளைக் காணோம். பல்லாயிரம் ஹெக்டேர் பரப்பு ஒரே தீயில் எரிந்து ஒரே வயதில் கிடந்தது. காரணம் எளிது. யாரும் எரிக்காததால் எங்கும் குனர்கா. நல்ல மழை பெய்த வருடத்தில் புல் இன்னும் நெருங்கும். பிறகு வறண்டு, கோடையில் ஒரு மின்னல். தடுக்கப் பழைய ஞுண்மா எங்கும் இல்லை, தீ போய்க்கொண்டே இருக்கும். மார்டுகள் புழங்குகிற நிலத்தில் மழை கூடினாலும் குறைந்தாலும் தீயின் அளவு அவ்வளவாக மாறுவதில்லை என்பதை மேலே சொன்ன ஆய்வாளர்களே 2012-இல் காட்டினார்கள்.

ஆள் வெளியேறிய அதே பத்தாண்டுகளில்தான் பாலைவனத்தின் சிறிய பாலூட்டிகளும் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. முயலளவு வல்லபிகள், வளை தோண்டும் பெட்டாங்குகள், இரண்டும் கங்காருவின் குட்டிச் சொந்தங்கள். சில இனங்கள் கடலோரத் தீவுகளில் மட்டும் தப்பின, சில அடியோடு போயின. 1788-க்குப் பிறகு ஆஸ்திரேலியா முப்பதுக்கும் மேற்பட்ட பாலூட்டி இனங்களை இழந்திருக்கிறது. பழியை முழுக்கத் தீயின் மேல் போட முடியாது. வெள்ளைக்காரர்களோடு வந்த பூனையும் நரியும் பெரிய குற்றவாளிகள். ஆனால் ஒளிய இடமில்லாமல் கண்ணுக்கெட்டிய தூரம் எரிந்து கிடக்கும் வெளியில் பூனைக்கு வேட்டை எவ்வளவு சுலபம் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டும் கைகோத்துக்கொண்டன என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

திரும்பி வந்தவர்கள்

1980-களில் மார்டுகள் திரும்பிப் போனார்கள். புன்முவும் பண்ங்குரும் அப்போது உருவான ஊர்கள். பண்ங்குர் பக்கத்தில் யுரேனியம் கண்டுபிடித்துவிட்டார்கள், நிலத்தில் ஆள் இல்லாவிட்டால் அதுவும் போய்விடும் என்ற பயமும் அவர்களைத் திரும்ப இழுத்தது.

2005-இல் கஞிணின்பா ஜுகுர்பா என்ற மார்டு அமைப்பு தொடங்கியது. கஞிணின்பா என்றால் கையில் பிடித்துவைத்துக்கொள்வது, வளர்த்துக் காப்பது. தாய் குழந்தையை வைத்திருப்பதற்கும் இதே சொல். இந்த அமைப்பின் ரேஞ்சர்கள் இப்போது சீருடை போட்டுக்கொண்டு அந்தப் பழைய வேலையைச் செய்கிறார்கள், சம்பளத்துடன். சுனைகளைத் தூர்வாருகிறார்கள். காட்டு ஒட்டகங்கள் அவற்றைக் கலக்கி நாறடித்துவிடுகின்றன என்பது தீராத தலைவலி. அந்த ஒட்டகங்களின் முன்னோர்களில் பலர் 19-ஆம் நூற்றாண்டில் கராச்சியிலிருந்து கப்பல் ஏறியவர்கள் என்பது நம் துணைக்கண்டத்தின் பங்கு.

ரேஞ்சர்கள் தேடுகிற விலங்குகளில் எனக்குப் பிடித்தது முல்யமிஜி. செம்மண் நிறத்தில் ஒரு பெரிய அரணை. அரணை என்றால் தனியாக ஓடுகிற பிராணி என்று நினைப்போம். இது கூட்டுக் குடும்பம். அப்பா, அம்மா, வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே சுரங்கத்தில் இருப்பார்கள். சுரங்கம் பத்து மீட்டருக்கு மேல்கூடப் போகும், வாசல்கள் பல. பிள்ளைகளும் தோண்டி வீட்டைப் பெரிதாக்கும். எல்லாவற்றையும்விட, வெளியே வாசலருகில் குடும்பத்துக்கென்று ஒரே பொதுக் கழிப்பிடம்! வேறு எங்கும் போகாது. ரேஞ்சர்கள் முதலில் தேடுவது அதைத்தான். எச்சத்தின் அளவைப் பார்த்தே உள்ளே பெரியவர்கள் மட்டுமா, குட்டிகளும் உண்டா என்று சொல்லிவிடலாம். வீடு இருக்கிறது என்று தெரிந்தால், அதைச் சுற்றி அகலமில்லாத துண்டுகளாக எரித்து வைப்பார்கள். பெரிய தீ வந்தால் அங்கே வந்து நின்றுவிடும், வீட்டுக்கு மேலே புல் மிஞ்சும்.

மன்கர் என்று அவர்கள் சொல்லும் பில்பியும் இப்படித்தான். முயல்காது, கூர்மூக்கு, கறுப்பு வாலில் வெள்ளை நுனி. ஒருகாலத்தில் கண்டத்தின் பெரும்பகுதியில் இருந்தது, இன்று மிஞ்சியவை பெரும்பாலும் பூர்வகுடி மக்களின் நிலங்களில். ஆளுக்குக் கண்ணில் படாது, ராத்திரிப் பிராணி. வேரில் இருக்கும் புழுவுக்காகச் செடியடியில் பறித்த குழியை வைத்து, எவ்வளவு நாள் ஆனது, இன்னும் இங்கேதான் இருக்கிறதா என்று கிழவிகள் சொல்வார்கள். தானியங்கிக் கேமராவை எங்கே வைக்க வேண்டும் என்பதையும் அவர்கள்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

பூனைக்கு என்ன செய்கிறார்கள் என்று கேட்பீர்கள். தடம் பார்த்துத் துரத்திப் பிடித்துச் சுட்டுத் தின்றுவிடுகிறார்கள். ருசியானது என்கிறார்கள். இங்கேயும் பில்பியைக் காப்பாற்றுவது ஒருபுறம், ராத்திரிச் சாப்பாடு மறுபுறம். இரண்டும் ஒரே வேலை.

நியூமன் ஊரில் 2006-இல் தொடங்கிய மார்டுமிலி என்ற ஓவியர் அமைப்பின் படங்களைப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். பெரிய துணியில் கறுப்பு, செம்மை, மஞ்சள், பச்சைத் திட்டுகளை ஒட்டி ஒட்டிப் போட்டிருப்பார்கள். நவீன ஓவியம் என்று நகரத்தார் வாங்கி மாட்டுகிறார்கள். வரைந்தவர் தன் நாட்டை மேலிருந்து காட்டியிருக்கிறார், எங்கே எப்போது எரித்தது என்பது உட்பட. 1953 விமானப் படத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

ஆனால் இன்றைய செயற்கைக்கோள் படத்தைப் பார்த்தால் அந்தப் போர்வை முழு நாட்டையும் மூடவில்லை. ஊர்களைச் சுற்றியும், வண்டித்தடங்களின் இரு பக்கமும்தான் துண்டுகள் தெரிகின்றன. காலால் நடந்த காலத்தில் எங்கும் போனார்கள். இப்போது டீசல் எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரம். டயர் வெடித்து, மாற்று டயரும் இல்லாத நாளில் அதுவும் இல்லை. தடம் முடிகிற இடத்தில் போர்வையும் முடிகிறது. அப்பால் மேடு மேடாகக் குனர்கா, அடுத்த கோடை மின்னல் வரை.